வழியும் வாய்க்காலும்

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளைப் படித்துப் பழகியவர்கள் ஒரு சொற்றொடரை அடிக்கடி சந்தித்திருப்பர். காணியின் பெயர் இன்னது, அதன் விரிவு இத்தனை பரப்பு இத்தனை குழி, நாற்றிசை எல்லைகள் இவை, உள்ளடங்கிய வான்பயிர் செய்பயிர் இவை, கிணற்றிலே பங்கு இவ்வளவு என்றெல்லாம் அடுக்கிக்கொண்டு வரும் நொத்தாரிசு, ஈற்றிலே 'வழி வாய்க்கால் பாத்தியதையும்' என்று ஒரு சேர்க்கை சேர்ப்பார். வழி என்பது ஆள் போய்வரும் உரிமை. வாய்க்கால் என்பது நீர் ஓடும் உரிமை. கிணற்றில் இறைத்த நீர் தோட்டத்துக்குப் பாயும் வாய்க்காலையே அச்சொல் முதற்கண் குறித்தது. ஆயினும் மாரிவெள்ளம் அயற்காணிக்கூடாக வடிந்து போவதையும் அச்சொல்லுக்குள் அடக்கிப் பேசும் முதியவர்களை நான் பல ஊர்களிற் கண்டிருக்கிறேன். வழியைத் தருகிறவன் வாய்க்காலையும் தந்தாக வேண்டும் என்பது அவர்கள் கருத்து.

இன்று குடாநாட்டின் ஊர்களிலே, உட்காணிகளுக்குப் பெக்கோ இயந்திரத்தைக் கொண்டு தனியார் வீதி அமைக்கும் வேலை மும்முரமாக நடைபெறுகிறது. வழி விரிகிறது, வாய்க்கால் மறைகிறது. 2024 நவம்பரிலும் 2025 நவம்பரிலும் வந்த வெள்ளங்களின்போது பலரும் வானத்தைக் குறை கூறினர். வானத்தின் பங்கு பெரிதுதான். ஆனால் ஒரே மழை பெய்த இரண்டு அயற்காணிகளில் ஒன்று மூன்றாம் நாள் வடிந்துவிட, மற்றது மூன்று கிழமை கழிந்தும் நீருக்குள் கிடந்ததற்கு வானம் பொறுப்பாகாது. அந்த வேறுபாட்டின் காரணத்தைத் தேடிப் போனால், அநேகமாக ஒரு கிரவல் வீதியின் ஓரத்திலே போய் நிற்போம்.

முதலில் நிலத்தை நோக்குவோம். குடாநாட்டில் வற்றாத ஆறு என்று ஒன்றும் இல்லை. தெல்லிப்பழைப் பக்கத்திலிருந்து கந்தரோடை வழியாக அராலிக்கு இறங்கிக் கடலேரியைச் சேரும் வழுக்கையாறுகூட மாரியில் மட்டும் ஆறாக இருந்து, கோடையில் வயலும் தரவையுமாகக் கிடப்பது. ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையுள்ள சில கிழமைகளிற் கொட்டிவிடும். கொட்டிய நீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகள் வழியே கீழிறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் நன்னீராக மிதந்து நிற்கிறது. நம்முடைய கிணறுகள் யாவும் அந்த மிதக்கும் நீரைத்தான் தொட்டுக் கொண்டிருக்கின்றன. எஞ்சிய நீர் குளங்களை நிரப்பிக் கடலேரிக்குப் போகும். குளங்களும் கேணிகளும் குடாநாடெங்கும் ஆயிரத்துக்குக் குறையாமல் உள்ளன. அவற்றை வெட்டியவர்கள் மட்டமானி வைத்து வெட்டவில்லை. மாரியில் நீர் தானாக எங்கே போய் நிற்கிறது என்று பார்த்து அங்கே வெட்டினர். நமது தரை கண்ணுக்கு மட்டமாகத் தோன்றும். நீருக்கு அது மட்டமன்று. நூறடிக்கு இரண்டங்குலம் சரிந்தாலும் தண்ணீருக்கு அது மலையிறக்கந்தான்.

இனி, நமது பழைய ஒழுங்கையை எண்ணிப் பார்க்கலாம். இரு மருங்கும் கிளுவையும் பூவரசும் கதியாலாக நட்ட வேலி. நடுவே ஒரு மாட்டு வண்டி போகும் அளவு மணற்பாதை. ஆண்டாண்டாகக் காலும் சில்லும் தேய்த்துத் தேய்த்து அப்பாதை இருபுறக் காணிகளிலும் பார்க்க அரையடி, சில இடங்களில் ஒரு முழம், தாழ்ந்து கிடக்கும். மாரி பிறந்ததும் காணிகளின் மிகைநீர் வேலியடியாற் கசிந்து ஒழுங்கைக்குள் விழும். ஒழுங்கை வழியே ஓடும், மதகைத் தாண்டும், குளத்தையோ தரவையையோ போய்ச் சேரும். அந்த இரண்டு மாதமும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பர். பெரியவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முணுமுணுத்தபடி நடப்பர். அசௌகரியந்தான், மறுப்பதற்கில்லை. ஆயினும் பத்து மாதம் வழியாகவும் இரண்டு மாதம் வாய்க்காலாகவும் ஒரே நிலத்துண்டு பணி செய்தது. உறுதியில் அடுத்தடுத்து நின்ற இரண்டு சொற்கள் தரையிலே ஒன்றாகவே கிடந்தன.

இந்த ஒழுங்கையை நான் பொற்காலத்து மிச்சமாகப் போற்ற வரவில்லை. ஊரின் மேட்டுக்காணிகளும் நல்ல தண்ணீர்க் கிணறுகளும் யாரிடம் இருந்தன, பள்ளக்காணிகளில் யார் குடியிருத்தப்பட்டனர் என்பதை நாம் அறிவோம். சிலருக்கு முன்வழி, சிலருக்குப் பின்வழி, சிலருக்கு வழியே இல்லை என்ற நிலை இருந்த ஊர்கள் பல. 'எங்கள் காணிக்குள்ளால் இன்னார் வரக்கூடாது' என்று வேலியடைத்துவிட்டு, பின்னால் இருந்தவர்கள் பிணத்தைத் தூக்கிக்கொண்டு வயல்வரம்பால் சுற்றிப் போனதைப் பார்த்துக்கொண்டிருந்த கதைகளும் உண்டு. ஆகவே, உட்காணிக்கு ஒரு வீதி வருகிறது என்றால் முதலில் மகிழ வேண்டியதே முறை. அம்புலன்ஸ் வண்டி வாசல்வரை வரவேண்டும் என்று கேட்கும் முதியவரை, 'ஒழுங்கையின் தொன்மையைக் காப்பாற்றுங்கள் ஐயா' என்று தடுக்க எவருக்கும் நியாயம் இல்லை.

உட்காணிகள் ஏன் இவ்வளவு பெருகின என்பதும் தெரிந்த கதைதான். ஒரு தோட்டக்காணி மூன்று பெண்களுக்குச் சீதனமாக மூன்று துண்டாகும். அடுத்த தலைமுறையில் அவை ஒன்பதாகும். தெருவைத் தொடும் துண்டு ஒன்று. தொடாத துண்டுகள் எட்டு. முன்னர் அவ்வெட்டும் தோட்டமாகக் கிடந்தவரை ஒற்றையடிப் பாதை போதுமாயிருந்தது. 2009இல் யுத்தம் ஓய்ந்த பின்னர் இடம்பெயர்ந்தோர் திரும்பினர்; வெளிநாட்டுச் சகோதரர்களின் பணமும் திரும்பியது. தெருவோரக் காணியின் விலை எட்டாத உயரத்துக்குப் போகவே, உட்காணியை வாங்கி அதற்கு வீதி போடுவது இலாபமாயிற்று. சிலர் தமக்காகப் போடுகின்றனர். சிலர் பெருங்காணியொன்றை வாங்கி, நடுவால் ஒரு வீதியை இழுத்து, இருபுறமும் துண்டு துண்டாக விற்பதற்காகப் போடுகின்றனர். பின்னவர்களுக்கு வீதி உயரமாகவும் அகலமாகவும் தோன்றுவதே விளம்பரம். வீதியால் வடியும் நீர் எங்கே போகும் என்ற கேள்வி, கடைசித் துண்டு விற்ற அன்றைக்கே அவர்களை விட்டு நீங்கிவிடுகிறது.

இந்த வேலை எவ்வாறு நடைபெறுகிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தீங்கின் வேர் அங்கேதான் இருக்கிறது.

விடியற்காலையில் பெக்கோ வந்து இறங்குகிறது. ஏறத்தாழ 8 தொன் நிறையுடையது. முன்னே அள்ளும் வாளி, பின்னே தோண்டும் கை. முதல் ஒரு மணித்தியாலத்தில் வேலி போய்விடும். மூன்று தலைமுறை வளர்ந்த பூவரசங் கதியால்கள் வேரோடு மறிந்து கிடக்கும். வழியில் நின்ற பனை இரண்டொன்றையும் விட்டுவைப்பதில்லை. அடுத்து, வேலியோரம் இருந்த சிறு தாழ்வுகளைக் கிளறிய மண்ணாலேயே மூடி நிரவிவிடுவர். அத்தாழ்வுகளே வாய்க்கால்கள் என்பது சாரதிக்குத் தெரியாது. ஆவணியில் அவை வெறும் பள்ளங்களாகத்தானே கிடக்கும். பின்னர் டிப்பர்கள் வரத் தொடங்கும்.

கணக்கைப் பாருங்கள். 10 அடி அகலம், 300 அடி நீளம், ஒரு அடி உயரம் என்று ஒரு சிறு வீதி போடுவதாக வைத்தால் 3000 கன அடி கிரவல் வேண்டும். நம்மவர் கணக்கில் ஒரு கியூப் என்பது 100 கன அடி; ஆகவே 30 கியூப். உருளை போட்டு அமுக்கினால் கிரவல் இறுகிக் குறையுமாதலால் உண்மையில் அதற்கு மேலேயே தேவைப்படும். மூன்று கியூப் ஏற்றும் டிப்பரென்றால், குறைந்தது பத்து லோட். ஒவ்வொரு டிப்பரும் சுமையோடு 20 தொன்னுக்கு மேல் நிறைகொண்டது. அவை திரும்புவதற்கும் ஒதுங்குவதற்கும் அயலிலுள்ள தோட்டத் தரையைத்தான் மிதிக்கின்றன. செம்மண்ணின் சிறப்பு, பெய்த மழையைச் சட்டென உள்ளே வாங்கிவிடுவது. ஈரமாயிருக்கும்போது அதன்மேல் இத்தகைய நிறை ஏறுமானால், மண்ணின் நுண்துளைகள் ஒரு முழ ஆழத்துக்கும் நசுங்கிப் போகும். மேல்மண்ணை மறுபோகத்தில் உழுது கிண்டலாம். அடிமண் இறுகினால் அது பழைய நிலைக்கு வர ஆண்டுகள் பல செல்லும். ஆக, வீதி போட்ட இடத்தில் மட்டுமன்றி வீதிக்கு இருபுறமும் நீரை வாங்கும் ஆற்றல் குன்றிவிடுகிறது.

அந்தக் கிரவல் வன்னியிலிருந்து வருகிறது. அங்கே ஒரு குழி விழுந்துதான் இங்கே ஒரு மேடு எழுகிறது என்பது தனியாக எழுதவேண்டிய விடயம். இங்கு ஒன்றை மட்டும் குறிப்பேன். கிரவல் அகழ்வதற்கும் ஏற்றிச் செல்வதற்கும் 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருட்கள் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் வேண்டும். பொலீசார் வழியில் மறித்துக் கேட்பர். கிரவல் எங்கிருந்து வருகிறது என்று கேட்கச் சட்டம் இருக்கிறது. எங்கே போய் விழுகிறது என்று கேட்க ஒருவரும் இல்லை.

வீதி ஒன்று ஒரு அடி உயர்ந்தால் என்ன ஆகிவிடும் என்று பலர் கேட்கின்றனர். நூறடிக்கு இரண்டங்குலம் சரிவென்றால் 500 அடிக்குப் பத்தங்குலம். ஏறத்தாழ ஒரு அடி. அந்தச் சரிவுக்குக் குறுக்காக ஒரு அடி உயர்ந்த வீதி விழுந்தால், தேங்கும் நீர் வீதியோரத்தில் ஒரு அடி ஆழமாயிருக்கும். பின்னோக்கி ஏறக்குறைய 500 அடி தூரம் வரை பரவும். வீதியின் நீளம் 300 அடி. ஆக, நீருக்குள் அகப்படும் நிலம் 1,50,000 சதுர அடி. நம் கணக்கிற் சொன்னால் ஏறத்தாழ 55 பரப்பு. வீதி பிடித்த நிலம் ஒரு பரப்புக்குச் சற்று மேல். ஒரு பரப்பில் போட்ட கல்லும் மண்ணும் ஐம்பத்தைந்து பரப்பைக் குளமாக்கிவிடக்கூடும் என்பதுதான் இக்கணக்கின் பொருள். எல்லா வீதியும் இவ்வாறு செய்யும் என்று நான் சொல்லவில்லை. சரிவோடு ஒத்துப் போகும் வீதி நீரைத் தடுக்காது. குறுக்கே போவதுதான் தடுக்கும். ஆனால் எது ஒத்துப் போகிறது, எது குறுக்கே போகிறது என்பதை எந்த வீதிக்கும் எவரும் முன்கூட்டி அளந்து பார்ப்பதில்லை.

2024ஆம் ஆண்டு ஆவணி மாதம் வலிகாமத்து ஊரொன்றில் இத்தகைய வேலையொன்றை அருகிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. காணியின் சொந்தக்காரர் வெளிநாட்டில். அவருடைய மைத்துனர் ஒருவர் கைத்தொலைபேசியில் படம் பிடித்து அனுப்பியபடி மேற்பார்வை செய்துகொண்டிருந்தார். பள்ளப் பக்கத்தில் வெங்காயம் செய்கிற முதியவர் ஒருவர், வேலிக்கு அப்பால் நெடுநேரம் நின்று பார்த்துவிட்டு, சாரதியிடம் வந்தார்.

"தம்பி, உதை இன்னும் ஒரு முழம் பதிச்சுப் போடேலாதோ? கார்த்திகையிலை உந்த மூலையாலைதான் வெள்ளம் வாறது."

சாரதி இயந்திரத்தை நிறுத்திவிட்டு மரியாதையாகவே பதில் சொன்னான். "ஐயா, நான் மணித்தியாலக் கணக்குக்கு வந்தனான். சொன்ன உயரத்துக்குத்தான் போடலாம். அவரோடை கதையுங்கோ."

'அவர்' என்று காட்டப்பட்ட மைத்துனர் தாம் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்றும், உயரத்தை வெளிநாட்டிலிருப்பவரே தீர்மானித்தார் என்றும் சொன்னார். வெளிநாட்டிலிருப்பவர் தம் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது கார் புதையாமல் போகவேண்டும் என்று மட்டுமே நினைத்திருப்பார். மூவரில் ஒருவரும் கெட்டவர் அல்லர். வேலை அன்று மாலையே முடிந்துவிட்டது. நவம்பர் இறுதியில் பெருமழை பெய்தபோது, முதியவரின் வெங்காயத் தறை இருந்த இடத்தில் நீர் நின்றது. நாற்பது நாட் பயிர். நான்கு நாள் நீருக்குள் நின்றால் வெங்காயம் அழுகிவிடும். அவர் கைமாற்று வாங்கி நட்டது. அதற்கு அப்பால் இருந்த நான்கு குடில்களின் முற்றங்களிலும் நீர் நின்றது. மலக்குழிகளும் கிணறுகளும் ஒரே நீரால் இணைந்தன. அங்கிருந்தோர் பிள்ளைகளோடு பாடசாலைக் கட்டடத்துக்குப் போயினர். வீதி மட்டும் ஈரமின்றிக் காய்ந்து கிடந்தது. வீதியின் தரத்தைப் பற்றி எவரும் குறை சொல்ல முடியாது.

இங்குதான் முன்னர் சொன்ன மேட்டுக்காணி, பள்ளக்காணி என்ற பழைய வழக்கு மீண்டும் தலைகாட்டுகிறது. காசுள்ளவன் வாங்கும் காணி உயர்கிறது. காசில்லாதவனின் காணி, இருந்த இடத்தில் இருந்தபடியே, தாழ்ந்து போகிறது. அவனும் உயர்த்தலாமே என்பர். அவன் உயர்த்துவதற்குப் பத்து லோட் கிரவல் வேண்டும். அவன் உயர்த்தினால் அவனுக்கு அடுத்தவன் தாழ்ந்து போவான். குடாநாட்டின் சில பகுதிகளில் இந்தப் போட்டி இப்பொழுதே நடந்துகொண்டிருக்கிறது. வீதிக்கு ஒரு படை, வளவுக்கு ஒரு படை, மறுபடி வீதிக்கு ஒரு படை. முன்னர் மூன்று படி ஏறிப் புகுந்த வீடுகளுக்குள் இன்று படியிறங்கிப் புகுகின்றனர்.

நீர் தேங்கினால் நல்லதுதானே, நிலத்துக்குள் இறங்கிக் கிணறுகள் ஊறுமே என்று ஒரு நண்பர் என்னோடு வாதாடினார். பொறியியல் படித்தவர், விளையாட்டாகச் சொன்னதல்ல. குடாநாட்டின் நன்னீரைப் பெருக்க வேண்டும் என்பது பழைய கவலை. நீர்ப்பாசனப் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் 1954இல் ஆனையிறவுக் கடலேரியை நன்னீர்த் தேக்கமாக்கும் திட்டத்தை முன்வைத்ததும் அக்கவலையினாலேயே. ஆனால் நீர் எங்கே தேங்க வேண்டும் என்பது, எவ்வளவு தேங்க வேண்டும் என்பதைப் போலவே முக்கியமானது. குளத்துக்குள் தேங்கும் நீர் வண்டல் படிந்து தெளிந்து இறங்குகிறது. தோட்டத்தில் தேங்கும் நீர் உரத்தையும் மருந்தையும் கரைத்துக்கொண்டு இறங்குகிறது. முற்றத்தில் தேங்கும் நீர் மலக்குழியைக் கரைத்துக்கொண்டு இறங்குகிறது. மேலும், வீதி குறுக்கே மறித்ததனால் குளத்துக்குப் போகவேண்டிய நீர் போகாமல், கோயிற் குளம் பாதி வெறுமையாகக் கிடக்க, அயற்காணி நிரம்பி வழிந்த ஊரும் உண்டு. ஒரு அங்குல மழை ஓர் ஏக்கரில் விழுந்தால் ஏறத்தாழ 22,600 கலன் நீர். அந்நீர் எங்கே போகவேண்டும் என்பதை ஊர் தீர்மானித்துக் குளம் வெட்டியது. இப்பொழுது அதனைத் தீர்மானிப்பது ஒருவரது வீதியின் உயரம்.

சட்டம் என்ன செய்கிறது? வழிக்குச் சட்டம் தாராளமாகவே இருக்கிறது. வேறு வழியற்ற உட்காணிக்காரர் தேவைவழி கேட்கலாம். பத்தாண்டு இடையறாது உரிமையோடு நடந்த பாதையை 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தைக் காட்டி நிலைநாட்டலாம். பாதையை மறித்துச் சண்டை மூண்டால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் விடயம் விரைவாக நீதவானிடம் போகும். நம் நீதிமன்றங்களில் வழிவழக்குக்குப் பஞ்சமே இல்லை. ஒரு முழ அகலத்துக்காக இரு தலைமுறை வழக்காடிய குடும்பங்களை எல்லோரும் அறிவர்.

வாய்க்காலுக்கும் சட்டம் இல்லாமற் போகவில்லை. நம் நாட்டில் வழங்கும் உரோம-டச்சுச் சட்டத்தின்படி, மேல்நிலத்து நீர் இயற்கையாகத் தன் காணிக்கூடாக வடிவதைக் கீழ்நிலத்தான் மறித்தலாகாது. மேல்நிலத்தானும் அதைச் செயற்கையாகப் பெருக்கிக் கீழே தள்ளலாகாது. மழைநீரைத் தடுத்தவன்மீது வழக்குத் தொடுக்கும் முறை பண்டை உரோமரிடமிருந்தே வந்தது. வயற்காணியாயின் இன்னும் நேரான பாதுகாப்பு உண்டு. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, ஆணையாளர் நாயகத்தின் அனுமதியின்றி வயலை மண்போட்டு நிரப்புதல் குற்றம். தோட்டக்காணிக்கு அத்தகைய காப்பு இல்லை. வெங்காயமும் புகையிலையும் மிளகாயும் விளையும் செம்மண் தோட்டம், சட்டத்தின் கண்ணுக்கு வெறும் மேட்டுநிலம்.

ஆனால் உரிமை இருப்பது வேறு, அதைக் காலத்தோடு பயன்படுத்த முடிவது வேறு. வழியை அடைத்தால் அடைத்த அன்றைக்கே தெரியும். வாய்க்காலை அடைத்தால் மூன்று மாதம் கழித்து, மழை பெய்தபின்தான் தெரியும். அதற்குள் வீதி இறுகி, மதில் எழும்பி, உறுதியும் கைமாறியிருக்கும். முன்னாளில் ஒரு வழியைத் திருத்துவதற்குப் பத்துப்பேர் மண்வெட்டியோடு பத்து நாள் நின்றனர். அந்தப் பத்து நாளும் அயலவன் வந்து பார்ப்பான், முறைப்பாடு சொல்வான், விதானையார் வருவார், ஒரு சிறு மதகு வைப்பதாக ஏதோவொரு சமாதானம் பிறக்கும். இயந்திரம் அந்தப் பத்து நாளை ஒரு பகலாக்கிவிட்டது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இணக்க சபைகள் இத்தகைய பிணக்குகளுக்கு மிகவும் ஏற்றவை. ஆனால் இணக்க சபையின் கடிதம் வந்து சேருமுன் பெக்கோ அடுத்த ஊருக்குப் போய்விடுகிறது. பெக்கோவின் வலிமையைப் பற்றியே எல்லோரும் வியந்து பேசுகின்றனர். எனக்கு அதன் வேகமே அச்சந் தருவதாயிருக்கிறது.

மலைநாட்டோடு ஒப்பிட்டால் நம்முடைய அசிரத்தை தெளிவாகும். 2014 அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்ததையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயலின்போது மண்சரிவாலும் வெள்ளத்தாலும் நாட்டில் 600க்கு மேற்பட்டோர் மாண்டதையும் மறக்கமுடியாது. அங்கே சரிவை வெட்டுவதன் ஆபத்து கண்ணுக்குத் தெரிவதனால், மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டட வேலைக்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரையைக் கேட்கின்றனர். அந்த விதிகள் எவ்வளவு தூரம் பின்பற்றப்படுகின்றன என்பது வேறு கேள்வி. கேட்பதற்கென்று ஒரு விதியாவது அங்கே இருக்கிறது. இங்கே தரை மட்டமானது என்ற எண்ணம் நம்மைக் கேள்வி கேட்காமலே இருக்கச் செய்துவிட்டது. தட்டையான நிலத்தில் தவறு செய்தால் மலை இடிந்து விழாது. ஒருவன் பயிரை இழப்பான், இன்னொருவன் கிணற்றை இழப்பான், மார்கழியில் டெங்கு வந்து ஒரு பிள்ளை ஆசுபத்திரிக்குப் போகும். இவை தனித்தனியே நிகழ்வதால் செய்தியாவதும் இல்லை.

செய்யத்தக்கது என்ன என்று பார்த்தால், ஆச்சரியமூட்டும் அளவுக்கு அது சிறியது. வீதி போடுமுன் ஒரு நில அளவையாளர் மட்டமானியோடு அரைநாள் நின்றால் நீர் எப்பக்கம் ஓடும் என்பது தெரிந்துவிடும். மட்டமானி இல்லாவிட்டாலும் அயலிலுள்ள முதியவர்கள் இருவரை அழைத்துக் கேட்டால் கையை நீட்டிக் காட்டுவார்கள். நீர் வரும் இடங்களில் சீமெந்துக் குழாய் புதைத்து மதகு வைக்க வேண்டும். குழாய் குப்பை அடைத்துக்கொள்ளும் என்ற அச்சமிருந்தால், அந்த இடத்தில் மட்டும் வீதியைத் தாழ்த்தி, வெள்ளம் மேலாற் பாய்ந்து போகும்படி சீமெந்துத் தளம் இடலாம்; ஆண்டில் சில நாள் சில்லு நனையும், அவ்வளவே. மேல்மண்ணை முதலில் வழித்து ஒதுக்கி வைத்து, வேலை முடிந்தபின் தோட்டத்துக்கே பரப்பவேண்டும். கிரவலை ஒரேயடியாகக் கொட்டாமல் அரையடிப் படைகளாக இட்டு, ஈரம் பார்த்து உருளையால் அமுக்கினால் குறைந்த உயரத்திலேயே உறுதியான வீதி கிடைக்கும். இருபுறமும் வாய்க்கால் விட வேண்டும். அந்த வாய்க்கால் வீதியின் முடிவிலே நின்றுவிடாமல் ஒரு குளத்தையோ வெள்ளவாய்க்காலையோ போய்ச் சேரவேண்டும். இவற்றுக்கெல்லாம் ஆகும் செலவு, அதே காணியைச் சுற்றி எழுப்பும் மதிலின் செலவுக்குப் பக்கத்திலும் வராது.

இவற்றை யாருடைய நல்ல மனத்துக்கும் விட்டுவிடாமல் விதியாக்கக்கூடிய இடம் பிரதேச சபையே. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் துணைவிதிகள் ஆக்கும் அதிகாரத்தைச் சபைகளுக்குக் கொடுத்திருக்கிறது. 2023 மார்ச் முதல் இரண்டாண்டுக்கு மேல் தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர் இன்றிச் செயலாளர்களே சபைகளை நடத்தினர். அக்காலத்தில் எழும்பிய வீதிகள் பல. 2025 மே 6இல் தேர்தல் நடந்து உறுப்பினர்கள் வந்துவிட்டனர். காணித் துண்டாடலுக்கும் வீட்டுக்கும் அனுமதி கொடுக்கும்போது வீதியின் அகலத்தைச் சபை கேட்கிறது. அதனோடு சேர்த்து வீதியின் உயரத்தையும், நீர் வடியும் வழியையும் வரைபடத்திற் காட்டும்படி கேட்கலாம். இயந்திரம் இறங்குவதற்கு இரண்டு கிழமை முன் அயற்காணிக்காரருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று ஒரு துணைவிதி செய்யலாம். தனியார் வீதியைச் சபை பொறுப்பேற்றுச் சீமெந்துப் படை போடுமுன், அது எந்த வாய்க்காலையாவது மறித்து நிற்கிறதா என்று பார்த்து, மறித்திருந்தால் திறந்த பின்பே பொறுப்பேற்கலாம். உறுப்பினர் சிலரிடம் இதைப் பற்றிப் பேசினேன். வீதி கேட்டு வருவோர் நாள்தோறும் பத்துப்பேர் என்றும், வாய்க்கால் கேட்டு வருவோர் மழைக்காலத்தில் மட்டுமே வருகின்றனர் என்றும் அவர்களில் ஒருவர் சொன்னார்.

நொத்தாரிசுகளுக்கும் இதிலொரு பங்குண்டு. புதிதாக எழுதும் உறுதிகளில் 'வழி வாய்க்கால்' என்பதைப் பழக்க தோஷத்தாற் சேர்த்துவிட்டுப் போகாமல், வாய்க்கால் எந்த எல்லையோரமாய், எத்தனை அடி அகலத்தில், எந்தக் குளத்துக்குப் போகிறது என்று எழுதி, நில அளவைப் படத்திலும் ஒரு கோடு இழுத்துவிட்டால், பின்னர் வாங்குபவன் அதை நிரவுமுன் இருமுறை யோசிப்பான். வழிக்கு நான்கு வரி எழுதும் உறுதிகளில் வாய்க்காலுக்கு ஒரு வரி கூடுதலாக எழுத முத்திரைச் செலவு ஒன்றும் ஏறப்போவதில்லை.